தானத் தாய்ப்பாலை வேண்டாம் என்று சொல்வது யார்? வார்டில் இருப்பவர்கள் எழுதுங்கள்

வார்டுசெவிலி | ஞாயிறு, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பதினொரு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் மாடியிலேயே தாய்ப்பால் வங்கி இருக்கிறது. வார்டிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் அதன் கதவு வந்துவிடும். அப்படியிருந்தும் போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

முப்பது வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. எடை 1,180 கிராம். அம்மாவுக்கு பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, சிசேரியன் முடிந்து ஐ.சி.யூ.வில் கிடக்கிறார். இரண்டாம் நாள் ட்யூபில் பால் ஆரம்பிக்கச் சொல்லி டாக்டர் எழுதிவிட்டார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மில்லி. குழந்தையின் அப்பாவிடம் நான்தான் பேசினேன். "தானம் குடுத்த பால் இருக்கு, வேற அம்மாவோடது. அது குடுக்கலாமா, இல்ல உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா பவுடர் வாங்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க சிஸ்டர்?" என்றார். "உங்க விருப்பம்தான்" என்றேன். கீழே போய் டப்பா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கேஸ் ஷீட்டில் 'உறவினர் தானப் பாலை மறுத்துவிட்டனர்' என்று எழுதினேன்.

அந்த வரி அன்றைக்கு ராத்திரி முழுக்க உறுத்தியது. அவர் எங்கே மறுத்தார்? என்னிடம் யோசனை கேட்டார். கேட்ட விதத்திலேயே மறுப்பை அவர் வாயில் வைத்தது நான்.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. வங்கிப் பாலுக்கு ஒப்புதல் படிவம், சாட்சி, கையெழுத்து எல்லாம் வாங்குகிறோம். பவுடருக்கு ஒரு சீட்டு எழுதி நீட்டினால் போதும். எந்த மாட்டுப் பால், எந்த ஊர் மாடு என்று யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

உங்கள் வார்டில் எப்படி? நாம் உண்மையில் எதற்குத் தயங்குகிறோம்? மனதில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். யாரையும் குறை சொல்வதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை.

பாலாடை | ஞாயிறு, இரவு 11:30

அக்கா, நான் உங்களைவிட ஜூனியர். எங்கள் வார்டிலும் இதே கதைதான். என் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். படிக்கும்போதும் சரி, அப்புறம் பிரசவ வார்டில் போட்டபோதும் சரி, எச்.ஐ.வி. தாயிடமிருந்து பால் வழியாகக் குழந்தைக்குப் போகும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்படிப் பழகிய கைக்குத் திடீரென்று ஒரு நாள் யாரென்றே தெரியாத ஒருவரின் பாலைக் கொடு என்றால் கை பின்னால்தான் போகும். வங்கி திறந்த அன்றைக்கு ரிப்பன் வெட்டினார்கள், இனிப்பு கொடுத்தார்கள். அந்தப் பாலுக்குள் என்ன நடக்கிறது என்று எங்களை உட்கார வைத்து யாரும் சொல்லவில்லை.

பச்சிளம்_டாக்டர் | திங்கள், காலை 6:15

சிஸ்டர் எழுதியதைப் படித்துவிட்டு சும்மா போக முடியவில்லை. நான் குழந்தை மருத்துவர். முதலில் மருத்துவர்கள் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆர்டரில் 'ஃபீட் 2 மில்லி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். எந்தப் பால் என்று எழுதுவதில்லை. அந்த முடிவை ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு செவிலியின் தலையில் கட்டுகிறோம்.

எந்தப் பால் என்பதில் மருத்துவத்துக்கு இன்றைக்குக் குழப்பமில்லை. முதலில் பெற்ற தாயின் பால். அது கிடைக்கும்வரை தானத் தாய்ப்பால். அதுவும் இல்லாவிட்டால்தான் ஃபார்முலா, அதாவது பவுடர் பால். குறைமாதக் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரிசையும் இதுதான். காரணம் குடல். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தம் வந்து, சில மணி நேரத்தில் குழந்தை துவண்டு போவதை இங்கே இருப்பவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடல் அழுகல் நோய் வரும் வாய்ப்பு, தானப் பால் குடித்த குறைமாதக் குழந்தைகளைவிட ஃபார்முலா குடித்த குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. அதே ஆய்வு, ஃபார்முலா குடித்த குழந்தைகளுக்கு எடை கொஞ்சம் வேகமாக ஏறுகிறது என்றும் சொல்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. எடைக்குப் பாலில் கலக்கும் வலுவூட்டி சேர்த்துக்கொள்ளலாம். அழுகிப்போன குடலுக்கு அப்புறம் வெட்டி எடுப்பதுதான் வழி.

பவுடர் டப்பா சீல் வைத்து வருவதால் கிருமி இல்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படித் தயாரிக்கப்படுவதில்லை. க்ரோனோபேக்டர் என்ற கிருமி அதிலிருந்து பச்சிளம் குழந்தைகளுக்கு வந்து மூளைக்காய்ச்சல் வரை போயிருக்கிறது.

எனக்கும் ஒரு தயக்கம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வங்கிப் பால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், பெற்ற தாயிடமிருந்து பால் எடுக்கும் முயற்சியில் நாம் சோர்ந்துவிடுவோமோ என்ற பயம். அது நியாயமான பயம் என்றுதான் நினைக்கிறேன். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். அம்மா ஒரு மாடியில், குழந்தை ஒரு மாடியில். முதல் ஆறு மணி நேரத்துக்குள் அந்த அம்மாவிடம் போய்ச் சீம்பாலைச் சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சி எடுக்க ஆள் வேண்டும். அதைச் செய்யாமல் 'அம்மாவுக்குப் பால் இல்லை' என்று எழுதிவிட்டு வங்கிக்கு ஆள் அனுப்பினால் வங்கி எதற்காக வந்ததோ அதுவே கெட்டுவிடும்.

இரவுப்பணி | திங்கள், மதியம் 2:40

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டு வருட சர்வீஸ் எனக்கு.

ஒன்று, அந்தப் பாலைக் காய்ச்சிவிடுகிறார்கள். உயிரணுக்கள் செத்துவிடுகின்றன, நோய் எதிர்ப்புப் பொருளில் ஒரு பங்கு போய்விடுகிறது. அப்புறம் அதை 'உயிர் காக்கும் அமிர்தம்' என்று போஸ்டர் ஒட்டினால் எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டாவது, பவுடர் குடித்த குழந்தைக்கு ஏதாவது ஆனால் அது குறைமாதக் குழந்தை, விதி என்று விட்டுவிடுவார்கள். வங்கிப் பால் குடித்த குழந்தைக்கு ஏதாவது ஆனால் 'எவளோ ஒருத்தி பாலைக் குடுத்துக் கொன்னுட்டாங்க' என்று வாசலில் உட்காருவார்கள். அப்போது முன்னால் நிற்கப்போவது டாக்டர் இல்லை, நான். மூன்றாவது, ராத்திரி ட்யூட்டியில் என்னோடு இன்னொருவர் இருந்தாலே பெரிய விஷயம். வங்கிப் பாலை எடுத்து, பேட்ச் நம்பர் பார்த்து, வெந்நீரில் வைத்து உருக்கி, ரெஜிஸ்டரில் எழுதி, மிச்சத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். பவுடருக்கு இவ்வளவு வேலை இல்லை.

நான் தானப் பாலுக்கு எதிரி இல்லை. என் நிலைமையைச் சொல்கிறேன்.

மூன்றாம்மாடி | திங்கள், இரவு 8:05

இரவுப்பணி மேடம், நான் ஒரு பால் வங்கியில் டெக்னீஷியன். நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆள் பற்றாக்குறை உண்மை. பழி உங்கள் மேல் விழும் என்பதும் உண்மை. முதல் விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன், தினமும் என் கையில் நடப்பது அதுதான்.

தானம் கொடுக்கும் அம்மாவுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் பரிசோதனை முடிந்த பிறகே பால் வாங்குகிறோம். சிகரெட், மது, சில மருந்துகள் என்று தனியாக ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. சொந்தக் குழந்தைக்குப் போதுமான பால் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பல பேரின் பாலை ஒன்றாகக் கலந்து, பாட்டிலில் ஊற்றி, ஆட்டும் வெந்நீர்த் தொட்டியில் 62.5 டிகிரியில் முப்பது நிமிடம் வைக்கிறோம். அது கொதிக்க வைப்பது ஆகாது. கையை விட்டால் பொறுக்க முடியாத சூடு, அவ்வளவுதான். முடிந்ததும் உடனே ஐஸ் தண்ணீரில் இறக்குவோம். எச்.ஐ.வி.யும், பால் வழியாகப் போகக்கூடிய சி.எம்.வி. என்ற வைரஸும் அந்த முப்பது நிமிடத்தில் அழிந்துவிடும். நீங்கள் சொன்னது போல உயிரணு போகும், கொழுப்பைச் செரிக்கும் நொதி போகும், ஐ.ஜி.ஏ. என்ற நோய் எதிர்ப்புப் புரதம் ஒரு பங்கு குறையும். ஆனால் குடலில் நல்ல கிருமிக்கு உணவாகிற சர்க்கரை வகைகள் சூட்டுக்கு அசையாமல் அப்படியே நிற்கும். பவுடரில் நீங்கள் தேடினாலும் இந்த மிச்சம் முழுசாகக் கிடைக்காது.

பிறகு கல்ச்சர், அதாவது கிருமி வளர்கிறதா என்ற பரிசோதனை. ரிப்போர்ட் வரும்வரை அந்த பேட்ச் மைனஸ் 20 டிகிரி ஃப்ரீஸரில் தனித் தட்டில் இருக்கும். ஒரு காலனி வளர்ந்திருந்தாலும் மொத்த பேட்சையும் சிங்க்கில் ஊற்றுவேன். ஊற்றும்போது ஒவ்வொரு தடவையும் கை நடுங்கும். ஒரு அம்மா தையல் வலியோடு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பீய்ச்சிய பால் அது. எனக்குக் கையில் கொடுத்துவிட்டு, "இது எத்தனை பாப்பாவுக்கு வரும்ணே?" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார். 100 மில்லி இருந்தால் வார்டுசெவிலி அக்கா சொன்ன குழந்தைக்கு அதே அளவில் ஐம்பது வேளை.

மும்பை சயன் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கியதுதான் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. நம் ஊரில் எழும்பூர், மதுரை, கோவை, திருச்சி என்று அரசு மருத்துவமனைகளில் பரவலாக வந்தது 2015-ஐ ஒட்டி. 2017-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டி 'வங்கி' என்ற சொல்லை விட்டுவிட்டு 'பாலூட்டல் மேலாண்மை மையம்' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயர் வாயில் நுழையாததால் யாரும் சொல்வதில்லை. ஆனால் பெற்ற தாய்க்குப் பால் கொடுக்க உதவுவதுதான் முதல் வேலை, தானம் சேகரிப்பது அடுத்தது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. டாக்டர் சொன்ன பயத்துக்கு அதுதான் மருந்து என்று தோன்றுகிறது.

கிராமச்செவிலி | செவ்வாய், காலை 5:50

நான் சீர்காழிப் பக்கம் கிராம சுகாதார செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருவரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன். "எந்த ஆளுங்க பால்?" என்ற கேள்வி.

இதை மாமியார் கேட்பாள், பாட்டி கேட்பாள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நம் ஓய்வறையிலும் கேட்டிருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், நல்ல பெண், சுறுசுறுப்பானவள், "என் பேத்தின்னா நான் ஒத்துக்க மாட்டேன்க்கா, எந்தத் தெருவுல இருந்து வந்ததோ" என்றாள். அப்படி நினைத்துக்கொண்டு வார்டில் போய் ஒரு குடும்பத்திடம் எப்படி மனசாரப் பேச முடியும்? குரல் காட்டிக் கொடுத்துவிடும். ரத்த வங்கியில் பாட்டில் வாங்கும்போது யாரும் தெருவைக் கேட்பதில்லை. அதுவும் ஒரே நாளில் வந்த பழக்கம் இல்லை.

நான் பாட்டிகளிடம் வாதம் பண்ண மாட்டேன். எங்கள் ஊர்க் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு அம்பாள் பொற்கிண்ணத்தில் பால் கொடுத்த கதையை எல்லோருக்கும் தெரியும். "சம்பந்தருக்குப் பெத்தவளா பால் குடுத்தா? கிண்ணத்துலதானே வந்துச்சு? முருகனுக்கு ஆறு பேர் குடுத்தாங்களே" என்பேன். பால் புகட்டும் பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் கிழவிகள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, அந்தந்த வீட்டுக்கு ஏற்ற பேச்சைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று. நம்மைச் செவிலியர் என்கிறார்களே, பழந்தமிழில் செவிலி என்றால் யார் தெரியுமா? பெற்றவளை நற்றாய் என்பார்கள். பெறாமல் எடுத்து வளர்த்தவள் செவிலி. அந்தப் பெயரை உடுப்பில் குத்திக்கொண்டு நிற்கிறோம்.

சிங்கை_செவிலி | செவ்வாய், இரவு 9:20

அனைவருக்கும் ஸலாம், வணக்கம். ராமநாதபுரத்துக்காரி, சிங்கப்பூரில் வேலை.

முஸ்லிம் குடும்பம் என்று பெயரைப் பார்த்ததும் வங்கிப் பால் பேச்சையே எடுக்காமல் விட்டுவிடும் பழக்கம் ஊரில் நான் வேலை பார்த்த இடத்தில் இருந்தது. மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் கேட்காமலே எங்களுக்காக முடிவெடுத்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். இஸ்லாத்தில் ஒரு பெண்ணிடம் பால் குடித்த குழந்தை அவளுக்குப் பால்குடிப் பிள்ளை. அவள் பெற்ற பிள்ளைகளும் இந்தக் குழந்தையும் பால்குடிச் சகோதர சகோதரிகள், மணமுடிக்கக் கூடாது. அதனால் 'யாருடைய பால்' என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தால் அது அருவருப்பால் எழுவதில்லை. உறவைப் பேணும் அக்கறை அது. எத்தனை முறை குடித்தால் உறவு என்பதில் மத்ஹபுக்கு மத்ஹப், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவுக்குப் பிரிவு, வேறுபாடு உண்டு. கடற்கரை ஊர்களில் நாங்கள் ஷாஃபி, ஐந்து முறை என்போம். ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி, அங்கே ஒரு முறையே போதும்.

இங்கே கே.கே. மருத்துவமனையில் 2017-இல் வங்கி தொடங்கியபோது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குழு இதை எடுத்துப் பேசி, குறைமாத முஸ்லிம் குழந்தைகளுக்கு அந்தப் பாலைக் கொடுக்கலாம் என்று சொன்னது. டாக்காவில் 2019-இல் வங்கி ஆரம்பிக்கும் நேரத்தில் எதிர்ப்பு வந்து நின்றுபோனது. கராச்சியில் 2024-இல் முதலில் கிடைத்த ஃபத்வாவைத் திரும்பப் பெற்றதும் அங்கேயும் நிறுத்திவிட்டார்கள். ஒரே மார்க்கம், மூன்று ஊர், மூன்று விதம். ஆகவே குடும்பத்திடம் கேளுங்கள். அவர்கள் ஆலிமிடம், அதாவது மார்க்க அறிஞரிடம், கேட்க நேரம் கேட்டால் கொடுங்கள். தானம் செய்தவரின் விவரம் குடும்பத்துக்கு வேண்டுமா என்று வங்கியோடு பேச முடிந்தால் பேசுங்கள். எங்கள் பெண்களும் தானம் கொடுக்கிறார்கள், அதையும் மறக்க வேண்டாம்.

ஒன்பதுநாள் | புதன், அதிகாலை 1:12

நான் மருத்துவத்துறை இல்லை. படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் தூக்கம் வரவில்லை.

27 வாரத்தில் மகன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். போன பிறகு மூன்றாம் நாள் மார் கல்லாகிவிட்டது. ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே ஒரு சிஸ்டரிடம், "இந்தப் பாலை இங்க இருக்கிற வேற யாருக்காவது குடுக்கலாமா?" என்று கேட்டேன். அவர் என் தலையைத் தடவி, "அதெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா, மாத்திரை போட்டா வத்திடும்" என்றார். அம்மா மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிட்டாள். வற்றிவிட்டது.

அவர் அன்பாகத்தான் சொன்னார். இன்றுவரை அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இரண்டு கட்டில் தள்ளி ஒரு குழந்தை இருந்தது. அவன் தலைமாட்டில் பவுடர் டப்பா இருந்தது. அவன் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னால் தாங்க முடியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டு கேட்காமல் விடாதீர்கள். கேளுங்கள். முடியாது என்றால் நாங்களே சொல்லிவிடுவோம்.

இரவுப்பணி | புதன், காலை 7:30

ஒன்பதுநாள் அம்மா, இப்படிப்பட்ட நேரத்தில் மாத்திரை எடுத்துக் கொடுத்த கை என்னுடையதும்தான். எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒரு தடவைகூட கேட்டதில்லை.

பாலாடை | புதன், இரவு 7:48

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வார்டில் அட்டெண்டர் அக்கா ஒருவர், "வங்கின்னா விக்கிறாங்கதானே, டிவில காட்டினாங்களே" என்கிறார். என்ன பதில் சொல்வது?

மூன்றாம்மாடி | புதன், இரவு 8:30

டிவியில் வந்தது 2024-இல் சென்னை மாதவரத்தில் ஒரு கடையில் பாட்டிலில் அடைத்து விற்றதைப் பிடித்த செய்தி. அதே ஆண்டு மே மாதம்தான் தாய்ப்பாலை வணிகமாக விற்க யாருக்கும் உரிமம் கிடையாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. அரசு வங்கியில் கொடுப்பவருக்கும் பணம் இல்லை, வாங்கும் குழந்தைக்கும் பில் இல்லை. பிரேசிலில் தீயணைப்பு வீரர்கள் வீடு வீடாகப் போய்ப் பாட்டிலை வாங்கி வருகிறார்கள், அங்கேயும் காசு பேச்சு இல்லை. அந்த அக்காவை ஒரு நாள் எங்கள் அறைக்குக் கூட்டி வாருங்கள். வார்டில் குடும்பங்கள் முதலில் யோசனை கேட்பது அவரிடம்தான்.

வார்டுசெவிலி | ஞாயிறு, இரவு 11:15

ஒரு வாரம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும், முக்கியமாக ஒன்பதுநாள் அம்மாவுக்கும், மனம் விட்டு எழுதிய இரவுப்பணி அக்காவுக்கும்.

எங்கள் டாக்டரிடம் பச்சிளம்_டாக்டர் எழுதியதைக் காட்டினேன். இப்போது ஆர்டரிலேயே 'தாயின் பால், இல்லையேல் தானப் பால்' என்று எழுதுகிறார். வங்கி டெக்னீஷியனிடம் கேட்டு, ட்யூட்டி மாறும் நேரத்தில் மூன்று மூன்று பேராகப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தோம். அட்டெண்டர் அம்மாவையும் அழைத்துப் போனோம். ஆள் பற்றாக்குறை அப்படியேதான் இருக்கிறது. அதற்கு இங்கே யாரிடமும் வழி இல்லை.

வியாழக்கிழமை ஒரு குழந்தை, 1,300 கிராம், ஆண். அம்மாவுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டியிடம் இந்த முறை இப்படிச் சொன்னேன்: "அம்மாவுக்குப் பால் வர ரெண்டு நாள் ஆகும், நாங்க போய் எடுத்துட்டே இருப்போம். அதுவரைக்கும் இன்னொரு அம்மா குடுத்த பாலைச் சுத்தம் பண்ணி வச்சிருக்கோம். இவன் வயித்துக்கு அதுதான் நல்லது. குடுக்கட்டுமா?" பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் புள்ளைக்குப் பத்துமா? அதுக்கு இல்லாம நமக்குக் குடுத்துடலையே?"

பத்தும் என்றேன். படிவத்தில் கைநாட்டு வைத்தார். சனிக்கிழமை காலையில் அவன் அம்மாவிடமிருந்து முதல் தடவையாக 4 மில்லி வந்தது, சிரிஞ்சில் எடுத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.